மார்கழியில் பில், தையில் வண்டி

வாங்க தம்பி, உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. திண்டுக்கல்லருந்து பைக்லயா வந்தீக? இந்த வெயில்லயா? சரி சரி, மொதல்ல தண்ணியக் குடிங்க.

வண்டியப் பாக்கலாம், எங்கயும் ஓடிப்போயிராது. இப்ப ஷெட்டுப் பக்கம் போக வேணாம், அம்புட்டுதான். வீட்டம்மா வண்டிக்குள்ள இருக்கா. தொடைச்சுக்கிட்டு இருக்கா. ஆமா, உள்பக்கமெல்லாம் தொடைக்கணும்ல. முடிச்சிட்டு வரட்டும்.

போன்ல சொன்னதுதான் தம்பி. ஒரே ஓனர். ஓனர் நான் இல்ல, அவதான். ஆர்.சி. புக்குல ராஜாமணின்னு அவ பேருதான் இருக்கும். ஓடின கிலோமீட்டரைப் பாத்தா மீட்டர் கெட்டுப்போச்சோன்னு நினைப்பீக. கெடல. மதுரை ஷோரூம்லருந்து இந்தப் பெரியகுளத்துக்கு வந்துச்சு. அப்புறம் பெட்ரோல் பங்குக்கு ரெண்டு தடவ. வேற எங்கயும் போகல. ஒரு பையன் வாரத்துக்கு ஒருநாள் வந்து ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டுப் போறான், பேட்டரி எறங்கிரக் கூடாதுன்னு.

ஏன் விக்கிறீகன்னு கேக்குறீக. ஓட்ட ஆளில்ல தம்பி. எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்ட ஆளில்லாம எதுக்கு வாங்குனீகன்னு அடுத்து கேப்பீக. அதுலதான் விஷயமே இருக்கு. என்ன விலைக்கு வாங்குனேன்னு கேளுங்க, எதுக்கு வாங்குனேன்னு கேக்கவே மாட்டீக.

நான் பஞ்சு வாங்குனவன் தம்பி. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லுல பஞ்சுக் கொள்முதல். மில்லுல ஸ்டாக்கு இன்னும் ரெண்டே நாளைக்குத்தான் வரும், மொதலாளி உள்ள உக்காந்து நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருப்பாரு. நான் கமிஷன் மண்டியில போயி, "இந்த வருசம் என்னமோ பஞ்சே தேவைப்படல"ன்னு சொல்லிட்டு டீ குடிப்பேன். வியாபாரி தானா எறங்கி வருவான். வாங்குறவன் மொகத்துல தேவை தெரியக் கூடாது தம்பி. தெரிஞ்சா விலை எறங்காது. இந்த ஒண்ணை வச்சுத்தான் முப்பது வருசம் காலந்தள்ளுனேன். மில்லு மூடுனப்பக்கூட மொதலாளி சொன்னாரு, "குருநாதன் வாங்குன பஞ்சால மில்லு மூடல"ன்னு.

ராஜாமணிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவ தபாலாபீஸ்ல கவுண்டர்ல உக்காந்தவ. ஸ்டாம்புக்குப் பேரம் உண்டா? போட்ட விலைதானே. ரிட்டயரானா. கையில பணம் வந்துச்சு. பொம்பளைக நகை வாங்குவாக, எடம் வாங்குவாக. இவ என்ன செஞ்சா தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம டிரைவிங் ஸ்கூல்ல போயிச் சேந்துட்டா. நான் கோயிலுக்குப் போறான்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். ஒருநாள் மார்க்கெட்டுல நிக்கிறேன், எல் போர்டு போட்ட காரு ஒண்ணு மெதுவா வருது, ஓட்டுறது யாருன்னு பாத்தா என் பொண்டாட்டி. பக்கத்துல டிரைவிங் ஸ்கூல் மைதீன் மாஸ்டர். என்னையப் பாத்து ஹாரன் அடிச்சிட்டுப் போறா!

கோவம் வந்துச்சா, பெருமை வந்துச்சான்னு கேட்டா இப்பவும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு கிலோ கத்திரிக்காய் போதும்னு போனவன் மூணு கிலோ வாங்கிட்டு வந்தேன்.

லைசென்ஸ் எடுத்துட்டா. அதுவும் மொதத் தடவையே. மாஸ்டர் வீட்டுக்கு வந்து சொன்னாரு, "அண்ணே, அக்கா கையில வண்டி பேசுது, சீக்கிரம் ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க"ன்னு. சீக்கிரம்னு அவரு சொன்னதே எனக்குப் பிடிக்கல. யாவாரத்துல சீக்கிரம்னு சொல்றவனை நான் நம்புறதில்ல.

அந்தச் சமயத்துலதான் அவளுக்குக் கண்ணாடி மாத்தணும்னு மதுரைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடிக்குப் போன எடத்துல கண்ணுல அழுத்தம் இருக்குன்னு சொல்லிட்டாக. நேரா பாக்குறது நல்லாத் தெரியும், பக்கவாட்டுப் பார்வைதான் கொஞ்சங் கொஞ்சமாக் கொறையுமாம். போனது திரும்ப வராது, இருக்கறதைக் காப்பாத்தச் சொட்டு மருந்துன்னு டாக்டரம்மா சொன்னாக. வேற யாராச்சும்னா அழுவாக. இவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: "டாக்டர், கார் ஓட்டலாமா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "இப்ப தாராளமா ஓட்டலாம்மா. ரொம்ப வருசம் ஓட்டலாம்னு நான் சொல்ல மாட்டேன்"னு சொன்னாக.

பஸ்ஸுல திரும்பி வர்றப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டா. "ஏங்க, சீக்கிரம் வாங்கிருவோமா?"ன்னா. பாருங்க, அவளும் சீக்கிரம்னுதான் சொல்றா. நான் சொன்னேன், "ராஜாமணி, பணம் உன் பணம். நேரத்தை மட்டும் எங்கிட்ட விட்டுரு." அவளும் தலையாட்டுனா. ஒத்துக்கிட்டாளே தம்பி. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல.

ஆடி வரைக்கும் காத்திருந்தேன். ஆடியில எவனும் புது வண்டி எடுக்க மாட்டான். ஷோரூமுல ஈ ஓட்டிக்கிட்டு இருப்பாக. அப்பப் போனா நாம ராசா. போனோம். ஜெயசீலன்னு ஒரு சேல்ஸ்மேன், தங்கமான பையன், நல்ல மரியாதை. நான் முன்னாடியே அவகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன், "வண்டியப் பாத்தா மொகத்தைச் சுளிச்சுக்க. கலர் பிடிக்கலன்னு சொல்லு. வேற கம்பெனியும் பாக்கணும்னு சொல்லு"ன்னு. உள்ள போனதும் என்ன செஞ்சாங்குறீக? செருப்பைக் கழட்டி வெளிய விட்டுட்டு டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்தா! கோயிலுக்குள்ள போற மாதிரி. சீட்டை முன்னாடி இழுத்தா, கண்ணாடியத் திருப்புனா, ஸ்டியரிங்கைத் தடவுனா. "ஏங்க, எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குங்க"ன்னு ஷோரூமே கேக்குற மாதிரி சொல்லிட்டா.

போச்சு. முடிஞ்சது பேரம். ஜெயசீலன் மொகத்தைப் பாத்தேன், அவன் அவளைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கான். இனிமே அவன் ஒத்தை ரூபா எறங்குவானா? ஒரு தள்ளுபடி சொன்னான், நல்ல தள்ளுபடிதான், இல்லேங்கல. ஆனா அதுக்கு மேல வராது. நான் அவ கையப் பிடிச்சு எறக்கி, "தீபாவளிக்குப் பாக்கலாம் தம்பி"ன்னு சொல்லிட்டுக் கூட்டியாந்துட்டேன். வாசல்ல அவ செருப்பு போட ரொம்ப நேரமாச்சு.

தீபாவளிக்குப் போனா, "ஐயா, புக் பண்ணிட்டுக் காத்திருக்காங்க, இப்ப தள்ளுபடியே கெடையாது"ங்கிறான். அது என் தப்புதான், பண்டிகையில வாங்குறவன் எளிச்சவாயன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சரி, மார்கழி வரட்டும். மார்கழியில எவனும் நல்ல காரியம் செய்ய மாட்டான், வருசக் கடைசி வேற, கம்பெனிக்குக் கணக்கை முடிக்கணும். ரெண்டும் சேர்ந்து வர்ற மாசம் தம்பி அது! ஆனா மார்கழியில போறேன், ஒருத்தன் சொல்றான், தையில புது மாடல் வருது, பழசு விலை விழும்னு. விழட்டுமேன்னு விட்டேன். தையில புது மாடல் வந்துச்சு, பழசு ஒண்ணுகூட இல்ல, எல்லாத்தையும் எவனோ அள்ளிட்டுப் போயிட்டான். புதுசு விலை ஆகாசத்துல நிக்கிது. ஆறட்டும்னு விட்டேன். அடுத்த ஆடி வந்துச்சு. வரி கொறையப் போவுதுன்னு ஊர் பூராம் பேச்சு. வரி கொறையப் போற சமயத்துல எவனாச்சும் போயி வாங்குவானா? நீங்களே சொல்லுங்க.

அவ நடுவுல ஒரு தடவ கேட்டா. ஒரே ஒரு தடவதான். "ஏங்க, விலைதான் எறங்கும் ஏறும். கண்ணு எறங்குனா எறங்குனதுதானே?" நான் சொன்னேன், "அதுக்குத்தான் மருந்து ஊத்துறோம்ல." அவ மருந்து சீசாவ எடுத்துக்கிட்டு உள்ள போனா.

ஞாயித்துக்கிழமையானா மைதீன் மாஸ்டர்கிட்டப் போயிருவா. கத்துக்கிட்டது மறந்துரக் கூடாதாம். லைசென்ஸ் எடுத்தவ எவளாச்சும் மறுபடி எல் போர்டு வண்டிக்குக் காசு குடுத்து ஓட்டுவாளா? ஒரு மணி நேரத்துக்கு இம்புட்டுன்னு குடுத்து, வைகை அணை ரோட்டுல ஓட்டிட்டு வருவா. வந்து காபி போடுறப்ப பாட்டு முணுமுணுப்பா. அந்தக் காசை எல்லாம் கூட்டிப் பாத்தா வண்டிக்கு ஒரு நல்ல சீட்டு கவரே போட்டிருக்கலாம். நான் சொல்லத்தான் செஞ்சேன். கேக்கல.

ஐப்பசியில ஒரு ஞாயித்துக்கிழமை. போன கொஞ்ச நேரத்துல திரும்பி வந்துட்டா. பாட்டு இல்ல. மாஸ்டரும் கூட வந்தாரு. எடது பக்கம் சைக்கிள்ல பால்காரர் வந்திருக்காரு, அவளுக்குத் தெரியல. லேசா ஒரசிருச்சு. ஆளுக்கு ஒண்ணுமில்ல தம்பி, கேன் மட்டும் கவுந்து ரோடெல்லாம் பால். மாஸ்டர் சட்டுனு பிரேக் அடிச்சிருக்காரு. அந்தாளு ரோட்டுல நின்னு கத்துக் கத்துன்னு கத்தியிருக்காரு. இவ எறங்கி அவர்கிட்ட, "நீங்க எங்கருந்து வந்தீக, நான் பாக்கவே இல்லையே, நான் பாக்கவே இல்லையே"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாளாம். பாலுக்குக் காசு குடுத்துட்டு வந்திருக்கா.

மறுபடி மதுரை. அதே டாக்டரம்மா. "இனிமே ஓட்ட வேணாம்மா"ன்னுட்டாக. இவ சரின்னா. வெளிய வந்து வாசல்ல கரும்புச்சாறு குடிச்சோம். அப்பத்தான் சொன்னா: "ஏங்க, இனி அவசரமே இல்ல. நீங்க நிதானமா, எப்ப நல்ல விலை வருதோ அப்ப வாங்குங்க."

எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு தம்பி. இத்தன வருசம் எங்கூடக் குடும்பம் நடத்தி, கடைசியில யாவாரம்னா என்னன்னு புரிஞ்சுக்கிட்டாளேன்னு.

மார்கழி பொறந்துச்சு. அந்த வருசம்தான் வரியும் கொறைஞ்சு, வருசக் கடைசி ஸ்டாக்கும் தேங்கி நின்னது. நான் மட்டும் தனியாப் போனேன். ஷோரூமுல ஒரு ஈ காக்கா இல்ல. ஜெயசீலன் எந்திரிச்சு வந்து, "ஐயா வாங்க, அம்மா வரலையா?"ன்னான். நான் சொன்னேன், "அம்மாவுக்குக் கண்ணு போச்சுப்பா. இனி அவ ஓட்ட மாட்டா. எனக்கு வண்டியே தேவையில்ல. சும்மா இந்தப் பக்கம் வந்தேன், பாத்துட்டுப் போகலாம்னு."

பாருங்க, முப்பது வருசமா நான் இதத்தான் சொல்லியிருக்கேன், "எனக்குத் தேவையில்ல"ன்னு. ஒவ்வொரு தடவையும் வாயிதான் சொல்லும், உள்ளுக்குள்ள பஞ்சு கெடைக்காட்டி மில்லு நிக்குமேன்னு கணக்கு ஓடும். அன்னைக்கு அது இல்ல. நிசமாவே தேவையில்ல. பஞ்சு வாங்குறவனுக்கு அதுதான் தம்பி கெடைக்கவே கெடைக்காத நெலம!

ஜெயசீலன் கண்ணாடி வழியா ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னான். "அம்மா கண்ணாடியத் திருப்பி வச்சது இன்னும் ஞாபகம் இருக்குங்கய்யா"ன்னான். அப்புறம் மேனேஜர் ரூமுக்குப் போனான். ரொம்ப நேரம் கழிச்சு வந்தான். ஒரு விலை சொன்னான் பாருங்க! அந்த விலைக்கு மதுரை ஜில்லாவுல ஒருத்தன் அந்த வண்டிய வாங்கியிருந்தா நான் மீசைய எடுத்துக்கிறேன். கால் மிதிக்கிற மேட்டு ஃப்ரீ, கவர் ஃப்ரீ, ஒரு வருச இன்சூரன்ஸ்ல பாதி அவனே போட்டான். ஒரு வார்த்த நான் பேரம் பேசல. தானா எறங்குனான். எனக்கே பயம் வந்துருச்சு, வண்டியில எதுவும் கோளாறா இருக்குமோன்னு.

அந்த மாசத்துக்குள்ள பில் போட்டாத்தான் அந்த விலை. ஆனா மார்கழியில வண்டிய வீட்டுக்குக் கொண்டாரலாமா? வாங்கினவன் எவனும் கொண்டார மாட்டான். அதனால பில் மார்கழியில, வண்டி தையில. நடுவுல வண்டி ஷோரூமுலயே நின்னுச்சு. நின்ன வண்டிக்கு இன்சூரன்ஸ் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அது ஒண்ணுதான் கொஞ்சம் உறுத்தல்.

தையில எடுக்கப் போனோம். நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் வச்சுட்டு ஜெயசீலன் சாவிய அவகிட்டதான் குடுத்தான். "அம்மா, இந்தப் பழத்து மேல மட்டும் ஏத்துங்கம்மா, நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்"னு கெஞ்சுனான். அவ வாங்கல. "வேணாம் தம்பி, உங்க ஷோரூம் கண்ணாடிய ஒடச்சிருவேன்"னு சிரிச்சா. பின் சீட்டுல ஏறி உக்காந்துக்கிட்டா. கூலிக்கு வந்த டிரைவர்தான் ஏத்துனான். தெருவுல எல்லாரும் வந்து பாத்தாக. எல்லாருக்கும் நான் விலையச் சொன்னேன். எல்லாரும் வாயைப் பொளந்தாக. அவ உள்ள போயி உலை வச்சா.

அப்படியே ஆறு மாசம் ஷெட்டுல நிக்கிது. ஆடி வந்துட்டா பழைய வண்டி பாக்கவும் ஒருத்தன் வர மாட்டான், ஆனிக்குள்ள வித்துரணும்னு நான்தான் கணக்குப் போட்டேன். அவகிட்ட சொன்னேன். "உங்க இஷ்டம்"னா. விளம்பரம் குடுத்தேன், நீங்க போன் பண்ணுனீக. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு தம்பி.

போன செவ்வாக்கெழம வரைக்கும்.

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தேன். ஷெட்டுலருந்து ஹாரன் சத்தம். பக்கத்து வீட்டுப் பசங்களோன்னு எந்திரிச்சுப் போனேன். கதவச் சாத்திக்கிட்டு டிரைவர் சீட்டுல அவ. செருப்பு வெளிய கெடக்கு. ரெண்டு கையும் ஸ்டியரிங்குல. வண்டி ஓடல, சாவியே போடல. சீட்ட முன்னாடி இழுத்து வச்சிருக்கா. நான் கண்ணாடியத் தட்டி, "என்ன பண்ற?"ன்னேன். தலையத் திருப்பல. "கொடைக்கானல் போறேன். கொண்டை ஊசி வளைவு, பேச்சுக் குடுக்காதீக"ன்னா.

கொடைக்கானலுக்கு! இந்தா, வாசல்ல நின்னா மலை தெரியுது. காட்ரோடு விலக்குல பிரிஞ்சா ரோடு மேல ஏறுது. தெனம் அதப் பாத்துக்கிட்டுத்தான் கோலம் போடுவா. வண்டி வந்தா எங்க போகணும்னு இத்தன நாள்ல நான் ஒரு தடவகூடக் கேக்கல தம்பி. விலை எம்புட்டுன்னு ஊர் பூராம் கேட்டேன், அவள எங்க போறேன்னு கேக்கல.

பேட்டரி எறங்கிரும், ஹாரன் அடிக்காதன்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. சொல்லல. சுத்திப் போயி எடது பக்கக் கதவத் தொறந்து உள்ள உக்காந்தேன். "பெல்ட்டப் போடுங்க"ன்னா. போட்டேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடிச்சா. கீழ எறங்குற வண்டிக்கு ஒதுங்கி நின்னா. ஒரு எடத்துல கிளட்சுக்குப் பதிலா பிரேக்க மிதிச்சிட்டா போல, "சாரிங்க"ன்னா. "எடது பக்கம் ஆளிருந்தா சொல்லுங்க"ன்னா. அதத்தான் தம்பி நான் செஞ்சேன். எடது பக்கம் எங்க ஷெட்டுச் செவரு. "ஆளில்ல, போகலாம்... ஆளில்ல, போகலாம்"னு சொல்லிக்கிட்டே வந்தேன். அவ மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம். அந்த மொகத்தைத்தான் நான் அன்னைக்கு ஷோரூமுல கையப் பிடிச்சு எறக்கிக் கூட்டியாந்தேன்.

அதுலருந்து தெனம் மத்தியானம் போறா. தொடைக்கிறான்னு உங்ககிட்டச் சொன்னது பொய்தான். கோவிச்சுக்காதீக.

என்ன சொன்னீக? பாக்காமயேவா? இன்னொரு தடவ சொல்லுங்க... அம்புட்டா? தம்பி, நான் வாங்குனதே அதுக்குக் கிட்டத்தான். ஆறு மாசம் நின்ன வண்டிக்கு எவனும் அந்த விலை குடுக்க மாட்டான். ஓடாத வண்டியே வேணும்னு தேடிக்கிட்டு இருந்தீகளா? தங்கச்சி மாப்பிள்ளைக்கா? ஆடிக்கு முன்னாடி குடுத்தாகணுமா? ஐயோ தம்பி, இதெல்லாமா விக்கிறவங்கிட்டச் சொல்லுவாக? மொகத்துல அப்படியே தெரியுதே. நான் மட்டும் பழைய ஆளா இருந்தா இன்னும் ஏத்தியிருப்பேன்.

உக்காருங்க, ஏன் எந்திரிக்கிறீக? காபி வரும். அவ எறங்கி வந்துதான் போடணும்.

அந்தா, ஹாரன் கேக்குதா? வளைவுல இருக்கா.

இல்ல தம்பி. பணத்தை உள்ள வைங்க. விலையில ஒண்ணும் இல்ல, நல்ல விலைதான். இது விக்கிற நேரமாத் தெரியல, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்குறேன், விலை ஏறட்டும்.

பழைய வண்டிக்கு எங்கயாச்சும் விலை ஏறுமான்னு கேக்குறீக. ஏறாது. அது எனக்கும் தெரியும்.